வெள்ளிக்கிழமை ஈரம்

இந்தக் குளிர்காலம் தொடங்கியதிலிருந்து ஏழு பேர் எனக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார்கள். ஏழு பேருக்கும் ஒரே கேள்வி. "அண்ணை, நிலத்துக்குக் கீழை இன்சுலேஷன் போடலாமோ, வேண்டாமோ?" யாரோ வீடு வீடாகத் துண்டுப் பிரசுரம் போட்டிருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் வந்து பார்த்துச் சொல்லிவிடுவார்களாம். நான் பதிலுக்கு ஒன்றுதான் கேட்டேன்: "உங்கடை வீட்டுச் சுவரிலை எத்தினை எயார் பிரிக் இருக்கு?" ஏழு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. வட லண்டனில் எட்மண்டனிலிருந்து பேசியவர், "அது கூரையிலையோ இருக்கிறது?" என்று கேட்டார். அவருக்காக நான் இரண்டு நாள் கவலைப்பட்டேன்.

ஏழு முறை தொலைபேசியில் விளக்கிக் களைத்துப்போய்தான் இதை எழுதுகிறேன். எட்டாவது ஆள் இதை வாசித்துக்கொள்ளட்டும்.

லண்டனின் பழைய தொடர்வீடுகளில் முன்னறையின் தரை சீமெந்தால் ஆனதல்ல. மண்ணிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி உயரத்தில் மரச்சட்டங்களை வரிசையாகக் கிடத்தி, அவற்றின்மேல் பலகை அடித்திருப்பார்கள். பலகைக்குக் கீழே வெறும் இருட்டு. அந்த இடைவெளிக்குள் காற்று போய்வருவதற்காக, வெளிச்சுவரின் அடியில் ஓட்டைகள் உள்ள செங்கற்களைப் பதித்திருப்பார்கள். அவைதான் எயார் பிரிக். காற்று முன்பக்கத்தால் புகுந்து பின்பக்கத்தால் வெளியேறும். மரம் உலர்ந்து கிடக்கும். அதே காற்றுதான் பலகை இடுக்குகளால் மேலேறிக் காலையும் விறைக்கவைக்கும். சட்டங்களுக்கு இடையில் கண்ணாடிப் பஞ்சை நிரப்பினால் கால் சூடாகும்; அதுதான் இன்சுலேஷன். ஆனால் மரம் ஈரமாக இருக்கும்போது பஞ்சை வைத்தால், பஞ்சு அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சில வருடங்களில் சட்டம் உக்கிப்போகும். மேலே நிற்கும் ஆள் பலகையோடு கீழே போவார். போடலாமா என்று கேட்பவர் குளிரைப் பற்றிக் கேட்கிறார். பதில் சொல்பவன் ஈரத்தைப் பார்க்கவேண்டும்.

பதினான்கு வருடமும் நான்கு மாதமும் அந்தப் பதிலைச் சொல்வதுதான் என் வேலையாக இருந்தது. ஊரில் கட்டட வேலைத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தேன். எண்பதுகளின் நடுவில் இங்கே வந்து, ஹவுன்ஸ்லோவில் ஒரு பெற்றோல் நிலையத்தில் பதினொரு மாதம் காசாளராக நின்றபிறகு, வட லண்டனில் ஒரு கவுன்சிலில் உதவிப் பரிசோதகர் வேலை கிடைத்தது. வீட்டுக்கு வெப்பக்காப்புப் போடுவதற்குக் கவுன்சிலின் உதவிப் பணம், அதாவது கிராண்ட், கேட்டு விண்ணப்பிப்பவர்களின் வீடுகளைப் போய்ப் பார்த்து, படிவத்தில் ஆம் அல்லது இல்லை என்று எழுதவேண்டும். மூன்று வாரப் பயிற்சி. அதில் கற்றது மூன்று வசனம்: மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபதைத் தாண்டினால் பயப்படு. எயார் பிரிக்கை எண்ணு. வீட்டுக்காரர் தரும் தேநீரைக் குடி, ஆனால் அவர் சொல்வதை எழுதாதே.

மிச்சம் எல்லாம் மிஸ்டர் பிரையர் செய்வதைப் பார்த்துப் படித்தது. அவர் என் மேலதிகாரி. நெடிய, கூன் விழுந்த மனிதர். எந்த வீட்டுக்குப் போனாலும் யாரும் சொல்லாமலே வாசலில் சப்பாத்தைக் கழற்றுவார். எங்கள் ஆட்களின் வீடுகளில் இதனால் அவருக்குப் பெரிய மதிப்பு. உண்மையில் அவர் கழற்றுவது மரியாதைக்காக அல்ல; எந்தப் பலகை குளிர்கிறது என்று பாதத்தால் பார்ப்பதற்காக. அறைக்குள் நான்கு மூலைக்கும் மெதுவாக நடப்பார். பிறகு சின்ன மெத்தை ஒன்றை விரித்து, வயிற்றில் படுத்து, ஒரே ஒரு பலகையைக் கழற்றி, கைக்கண்ணாடியையும் டோர்ச்சையும் உள்ளே விட்டுப் பார்ப்பார். இரண்டு ஊசி கொண்ட ஈரமானியைச் சட்டத்தில் மூன்று இடங்களில் குத்துவார்: சுவரோரம், நடுவில், மறு சுவரோரம். எண்ணை வாய்விட்டுச் சொல்லமாட்டார், தாளில் எழுதி, அதைத் திருப்பி எனக்குக் காட்டுவார். வீட்டுக்குள் நின்று ஒருநாளும் முடிவு சொன்னதில்லை. வெளிவாசல் படலைவரை நடந்து வந்து, திரும்பி வீட்டை ஒருதரம் பார்த்தபிறகுதான் வாய் திறப்பார்.

காற்று ஓடுகிறதா என்று பார்க்க முன்பெல்லாம் சிகரெட்டைக் கொளுத்தி எயார் பிரிக்குக்கு முன்னால் பிடிப்பாராம். புகை உள்ளே இழுபட்டால் நல்லது. வைத்தியர் சிகரெட்டை நிறுத்தச் சொன்ன பிறகு அந்தச் சோதனையும் நின்றுபோயிருந்தது. நான் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போன ஒருநாள், வருகிற வழியில் வாங்கிய ஊதுபத்திப் பெட்டி ஒன்றை அவரிடம் கொடுத்தேன். அன்றிலிருந்து அது எங்கள் கருவிப் பெட்டியில் நிரந்தரமாகிவிட்டது. பெட்டி தீரும்போதெல்லாம், "உன் கோயில் குச்சி இருக்கிறதா?" என்று கேட்பார். எங்கள் அலுவலகம் முழுவதும் சந்தனம் மணந்தது.

படிவத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்தான். மிஸ்டர் பிரையர் அவற்றுக்குப் பக்கத்தில் பென்சிலால் மூன்றாவது கட்டம் ஒன்றைக் கீறி, 'இப்போது இல்லை' என்று எழுதுவார். நான் சேர்ந்த இரண்டாவது மாதம், ஆர்ச்வே பக்கத்தில் ஒரு வீட்டுக்கு ஆம் என்று எழுதிக்கொண்டுபோனேன். முன்சுவரில் மூன்று எயார் பிரிக். மூன்றும் சுத்தம். மிஸ்டர் பிரையர் கேட்டார்: "பின்னால் எத்தனை?"

"பின்னால் போகவில்லை. நாய் இருந்தது."

"நாய் ஈரத்தைக் குடிக்காது" என்றார்.

மறுநாள் இருவரும் போனோம். பின்பக்கம் புதிதாகக் கட்டிய குளியலறை எல்லா எயார் பிரிக்கையும் மூடியிருந்தது. முன்னால் புகுந்த காற்றுக்கு வெளியேற வழியில்லை. நான் எழுதிய 'ஆம்' என்பதை வெட்டி, மூன்றாவது கட்டத்தில் ஒரு சரி போட்டார். அதன்பிறகு நான் எதையும் எண்ணாமல் விட்டதில்லை. என் நோட்டுப் புத்தகங்கள் இருபத்திரண்டும் இன்னும் அலுமாரியில் இருக்கின்றன.

எண்ணுகிற மனிதனும் ஒரு விஷயத்தை எண்ண மறப்பான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எட்மண்டனில் ஒரு வீடு எனக்கு அதைக் காட்டியது.

விண்ணப்பம் சிவமலர் என்ற பெண்ணின் பெயரில் வந்தது. கணவர் பரமேசு, பாண் பேக்கரி ஒன்றில் வேலை செய்தவர். வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. மாடிப்படி ஏற ஏலாது. ஆகவே கட்டிலைக் கீழே முன்னறையில் ஜன்னலோரமாகப் போட்டிருந்தார்கள். அந்த அறையின் தரையால் ஏறும் குளிரில் அவருடைய கால்கள் நீலம் பாரித்துப்போகின்றன, அறை சூடாக இருக்கவேண்டும் என்று வைத்தியர் எழுதிய கடிதமும் இணைக்கப்பட்டிருந்தது. பஞ்சு போடும் ஒப்பந்தக்காரர் அந்த வீதியில் எட்டு வீடுகளை ஏப்ரலில் ஒரே தடவையாகச் செய்வதாக ஏற்பாடு. அதற்கு முன் கையெழுத்து விழாத வீடு அடுத்த வருடப் பட்டியலுக்குப் போய்விடும். அதாவது பரமேசு இன்னொரு குளிர்காலம் அந்தக் கட்டிலில் கிடக்கவேண்டும்.

வழக்கப்படி மூன்று நாளுக்கு முன்பே கடிதம் அனுப்பிவிட்டு, ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் போனேன். வெள்ளிக்கிழமைகளில்தான் எனக்கு எட்மண்டன் சுற்று. கதவு திறந்ததும் மஞ்சள் மணமும் சாம்பிராணி மணமும் சேர்ந்து வந்தன. முன்னறை மூலையில் சுவாமித் தட்டு, விளக்கு எரிந்தது. வீடு கண்ணாடி மாதிரி இருந்தது. கார்ப்பெட் இல்லை, வெறும் பலகை. நான் பார்க்க வருகிறேன் என்று சுருட்டி வைத்துவிட்டார்கள் போலும் என்று எண்ணி, எவ்வளவு பொறுப்பான குடும்பம் என்று மனம் குளிர்ந்தேன்.

வெளியே போய் எண்ணினேன். முன்சுவரில் இரண்டு எயார் பிரிக், பின்னால் இரண்டு. முன்னால் இருந்த இரண்டுக்குள்ளும் துணி அடைத்துக் கிடந்தது.

"தங்கச்சி, உதை ஆர் அடைச்சது?"

"நான்தான் அண்ணை. காத்து விசில் அடிச்சுக்கொண்டு வரேக்கை வேறை என்ன செய்யிறது? அரிசிச் சாக்கை வெட்டி அடைச்சுவிட்டன்."

"வீட்டின்ரை மூக்கையெல்லோ அடைச்சு வைச்சிருக்கிறியள்."

"என்ரை மூக்கும் உந்தக் குளிரிலை அடைச்சுத்தான் கிடக்கு. அதுக்கு ஆர் கிராண்ட் தருவினம்?"

கட்டிலில் கிடந்த பரமேசு வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார்.

சாக்கை இழுத்து எடுத்தேன். பலகை ஒன்றைக் கழற்றி ஊசியைக் குத்தினேன். இருபத்தெட்டு. மூன்று இடத்திலும் அப்படியே. அடைப்பு எடுபட்டதுதானே, இனி உலரும் என்று சொல்லி, மூன்றாவது கட்டத்தில் சரி போட்டேன். மூன்று வாரம் கழித்து, இன்னொரு கடிதம், இன்னொரு வெள்ளி. இருபத்தேழு. ஊதுபத்தியைப் பிடித்தேன், புகை முன்னால் புகுந்து பின்னால் வந்தது. காற்று நன்றாக ஓடுகிறது, மரம் மட்டும் உலரவில்லை. தண்ணீர்க் குழாய் எங்கேயும் ஒழுகுகிறதா என்று பார்த்தேன். இல்லை. கூரை நீர் இறங்கும் குழாய் வெடித்திருக்கிறதா? இல்லை. சிவமலர் ஒவ்வொரு முறையும் தேநீரும் வடையும் தந்தார். "என்ன அண்ணை, ஓமோ இல்லையோ?" என்று கேட்டார். மார்ச் முதல் வெள்ளியன்று மீண்டும் போனேன். இருபத்தெட்டு.

அன்றைக்கு அவர் வடை தரவில்லை. "இவரின்ரை காலை ஒருக்காத் தொட்டுப் பாருங்கோ" என்றார். தொட்டேன். இரண்டு காலுறை போட்டிருந்தும் மீன் மாதிரிக் குளிர்ந்தது. அதை இன்றைக்கும் விரல் மறக்கவில்லை. ஆனால் இருபத்தெட்டில் பஞ்சை வைத்தால், மூன்று நான்கு வருடத்தில் உக்கப்போவது அவருடைய கட்டிலைத் தாங்கும் சட்டம். ஓடித் தப்ப முடியாத மனிதர்.

இல்லை என்று எழுதுவதற்கு முன் மிஸ்டர் பிரையரிடம் போனேன். எண்களைக் காட்டினேன். அவர் முகவரியைக் குறித்துக்கொண்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த வீதியில் வேறொரு வீட்டுக்குப் போனவர், கடிதம் ஒன்றும் அனுப்பாமல் சிவமலரின் கதவையும் தட்டியிருக்கிறார். திரும்பி வந்து தாளை என் மேசையில் திருப்பி வைத்தார். இருபத்தொன்று.

"கருவி பழுதாகியிருக்கும்" என்றேன்.

"உன் கருவியைத்தான் கொண்டுபோனேன்." கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "நீ எந்தெந்த நாள் போனாய்?"

"வெள்ளி."

"மூன்று தடவையும்?"

"மூன்று தடவையும்."

"வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் என்ன நடக்கிறது?"

என் வாயில் தேநீர் இருந்தது. கோப்பையை மேசையில் வைத்தேன். மஞ்சள் மணம். கண்ணாடி மாதிரி இருந்த வீடு. கார்ப்பெட் இல்லாத பலகை. நான் பிறந்ததிலிருந்து எந்த வீட்டில் வெள்ளிக்கிழமை காலையில் வாளியும் தும்புத்தடியும் இல்லாமல் இருந்தது? எங்கள் வீடுகளில் வெள்ளி என்றால் வீடு கழுவுகிற நாள். தண்ணீரை ஊற்றி, மஞ்சள் கரைத்து, தும்புத்தடியால் வாசல்வரை தள்ளிக்கொண்டுபோய் முற்றத்தில் விடுவார்கள். அது சீமெந்துத் தரைக்குச் செய்த வழக்கம். பலகையில் ஊற்றினால் தண்ணீர் வாசலுக்குப் போகாது, இடுக்கால் கீழே போகும். மேலே துணியால் ஒற்றிவிட்டால் பதினொரு மணிக்கு வருகிறவனுக்குப் பலகை உலர்ந்துதான் தெரியும்.

"எனக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை" என்றார் மிஸ்டர் பிரையர். "உனக்கு இருக்கிறது." கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் கூடக் குத்தியது.

அன்று வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் கேட்டேன், "வெள்ளிக்கிழமை நீர் வீடு கழுவிறனீர் எல்லோ?"

"இருபத்தாறு வருசமாக் கழுவிறன். உலகத்திலை இருக்கிற ஓட்டையெல்லாம் எண்ணுற மனுசன், வீட்டு வாளியை எண்ணேல்லையோ?"

அவள் கழுவுவது எங்கள் சமையலறையை. அது சீமெந்து. உடனே போய்க் குனிந்து தட்டிப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் புதன்கிழமை, நானும் கடிதமில்லாமல் போனேன். சிவமலர் கதவைப் பாதி திறந்து திகைத்துப்போய் நின்றார்.

"ஐயோ அண்ணை, கடிதம் வரேல்லையே! வீடு கூட்டவும் இல்லை."

"கூட்டவேண்டாம் தங்கச்சி. அப்பிடியே இருக்கட்டும்." உள்ளே போய் ஊசியைக் குத்தினேன். இருபத்தொன்று. "வெள்ளியிலை வீடு கழுவிறனீங்களோ?"

அவருடைய முகம் மலர்ந்தது. கடைசியில் ஒருவன் அதைக் கவனித்துவிட்டான். "தவறாமல் அண்ணை. விடிய அஞ்சு மணிக்கு. இந்தக் கார்ப்பெட்டைக் கழுவ ஏலாதெண்டுதானே கழட்டி எறிஞ்சனான். நீங்கள் வாற வெள்ளியெண்டால் ரெண்டு வாளி கூட ஊத்துவன். கவுன்சிலாலை ஆள் வரேக்கை வீடு ஊத்தையாக் கிடந்தால் என்ன நினைப்பியள்?"

ஆக, மரத்தை நனைத்தது என் கடிதம். ஒவ்வொரு முறையும் மூன்று நாள் முன்னறிவித்தல் கொடுத்து, ஈரம் பார்க்கப் போய், நானே ஈரத்தை வரவழைத்திருக்கிறேன்.

விளக்கிச் சொன்னேன். தண்ணீர் எங்கே போகிறது என்று காட்டுவதற்காகப் பலகையைக் கழற்றி டோர்ச் அடித்தேன். சட்டங்களின் பக்கவாட்டில் மஞ்சள் கோடுகள் வழிந்து கிடந்தன. அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"அண்ணை, இது சும்மா கழுவுற கழுவல் இல்லை. இவர் விழுந்த அண்டைக்கு ஆர்ச்வே முருகனிட்டைப் போய் நேந்தனான். இவர் எழும்பி நடக்கும்வரை வெள்ளி தவறாமல் வீடு கழுவி விளக்கு வைப்பன் எண்டு. கழுவாத நிலத்திலை எப்பிடி விளக்கு வைக்கிறது?"

அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. அந்த நேர்த்திக்கடனை நிறுத்தச் சொல்ல நான் யார்? கழுவினால் பஞ்சு இல்லை, கால் விறைக்கும். கழுவாவிட்டால், கணவர் எழும்புவார் என்று சிவமலருக்கு இருந்த ஒரே நம்பிக்கை போகும். "தண்ணியை மட்டாத் தெளிச்சு, துணியைப் பிழிஞ்சு துடைச்சால் காணாதோ?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"துடைக்கிறதும் கழுவுறதும் ஒண்டோ அண்ணை?"

கட்டிலிலிருந்து பரமேசு பேசினார். வாதத்துக்குப் பிறகு அவருடைய சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வரும். நாங்கள் இருவரும் காத்துக்கொண்டு நின்றோம்.

"என்னையும்... நாலு மாசமாத்... துடைச்சுத்தானே... விடுறாய். முருகன்... ஒண்டும் சொல்லேல்லையே."

சிவமலர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. அழுகையும் சிரிப்பும் கலந்து சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு என்னிடம் ஒரே ஒரு சொல் சொன்னார்.

"பாப்பம்."

எங்கள் ஆட்களிடம் 'பாப்பம்' என்பதற்கு என்ன பொருள் என்று எனக்கு ஐம்பது வயதுவரை தெரியாது, இன்றைக்கும் தெரியாது. ஓமும் அல்ல, இல்லையும் அல்ல. அந்தச் சொல்லோடு நான் படலையைத் தாண்டினேன்.

அதற்குப் பிறகு கடிதமில்லாமல், நாளை மாற்றி மாற்றிப் போனேன். இருபத்திரண்டு. பத்தொன்பது. ஒரு வெள்ளிக்கிழமையும் போனேன். வாசலில் மஞ்சள் மணம் வந்ததும் நேரே உள்ளே போய் ஊசியைக் குத்தினேன். பதினெட்டு. கடைசியாக, மார்ச் முடிய இரண்டு நாள் இருக்கையில், பதினேழு. மிஸ்டர் பிரையரும் வந்தார். சப்பாத்தைக் கழற்றினார், நடந்தார், படுத்தார், குத்தினார். படலையில் நின்று வீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டாரா?"

"பார்ப்போம் என்றார்."

"அது ஆமா, இல்லையா?"

"இரண்டுக்கும் நடுவில் ஒன்று."

"என் மூன்றாவது கட்டம் மாதிரி" என்றார். பிறகு, "எண்ணை நம்பு. கையெழுத்துப் போடு" என்றார்.

போட்டேன். ஏப்ரலில் பலகை முழுவதையும் கழற்றி, சட்டங்களுக்கு இடையில் வலை கட்டி, பஞ்சை நிரப்பி, மறுபடி அடித்தார்கள். எயார் பிரிக் நான்கையும் தொடவில்லை. அந்த வருடம் முதல் குளிர் விழுந்ததும் சிவமலர் அலுவலகத்துக்கே தொலைபேசி எடுத்தார். "அண்ணை, இவர் ஒரு காலுறையைக் கழட்டிப்போட்டார்" என்றார். எனக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் அந்த வேலையில் கிடைக்கவில்லை.

ஆனால் என் சுபாவம் அப்படி. சந்தோஷம் இரண்டு கிழமை இருந்தது. மூன்றாவது கிழமை வெள்ளிக்கிழமை காலையில் பல் தீட்டும்போது ஒரு வாளி தண்ணீர் என் தலைக்குள் கவிழ்ந்தது. இப்போது அங்கே பஞ்சு இருக்கிறது. அவர் ஒரு வெள்ளி மனம் மாறி ஊற்றினாலும் பஞ்சு குடித்து வைத்துக்கொள்ளும். மேலேயிருந்து யாருக்கும் தெரியாது. ஒருநாள் பரமேசு எழும்பி நின்றால், நேர்த்தி பலித்த அந்த நாளில், தரை அவரை விட்டுவிடும். கீழே என் கையெழுத்து.

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் சந்தேகப்படுகிறேன் என்றாகும். "ஓம், ஊத்துறன்" என்று சொல்லிவிட்டால் பிறகு நான் என்ன செய்வது? ஆகவே கோழை செய்கிற வேலையைச் செய்தேன். அந்த வீடு பிரதான வீதியில், பஸ் போகும் வழியில் இருந்தது. எட்மண்டன் பக்கம் போகும்போதெல்லாம் பஸ்ஸின் மேல்தட்டில் இடப்பக்கம் உட்கார்ந்து, அந்த வீட்டைத் தாண்டும் நான்கைந்து விநாடிக்குள் முன்சுவரின் அடியைப் பார்ப்பேன். எயார் பிரிக் ஒன்று, இரண்டு. அடைக்கவில்லை. சுவரில் ஈரக் கறை இல்லை. சரி. அடுத்த வெள்ளிவரை அது போதும். இப்படி ஏழு வருடம். மிஸ்டர் பிரையர் ஓய்வுபெற்றுக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார். நான் போய்க்கொண்டே இருந்தேன்.

நான் ஓய்வுபெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு ஒருநாள் சிவமலரின் குரல் தொலைபேசியில் வந்தது.

"அண்ணை, ஹீட்டிங் குழாய் மாத்துறதுக்கு முன்னறை நிலத்தைக் கழட்டுறாங்கள். நீங்கள் போட்ட பஞ்சு. ஒருக்கா வந்து பாக்கிறியளோ?"

'நீங்கள் போட்ட பஞ்சு' என்ற சொல்லோடு தொப்பியை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். பஸ்ஸில் போகும்போது கீழ்த்தட்டில் இருந்தேன். எண்ணவும் இல்லை.

முன்னறையில் பாதிப் பலகை கழற்றியிருந்தது. குழாய்காரர் தேநீர் குடிக்க வெளியே போயிருந்தார். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, மிஸ்டர் பிரையர் மாதிரி வயிற்றில் படுத்தேன். அந்த வயதில் படுப்பது லேசு, எழும்புவதுதான் கஷ்டம். பஞ்சை விலக்கினேன். கை உலர்ந்தே திரும்பியது. ஊசியைச் சட்டத்தில் குத்தினேன். பதினான்கு. அடுத்த சட்டம், பதினான்கு. அறையில் சட்டங்கள் பதினொன்று. பலகை கழற்றியிருந்ததால் வெளியே தெரிந்த ஆறையும், மூன்று மூன்று இடமாகப் பதினெட்டுத் தடவை குத்தினேன். பதினைந்தைத் தாண்டிய இடம் ஒன்றுகூட இல்லை. பழைய மஞ்சள் கோடுகள் மட்டும் அப்படியே, உலர்ந்து, மங்கி, சுரண்டினால் உதிரும்படி இருந்தன. முகத்தைத் தரைக்குக் கிட்டவே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தேன்.

"என்ன அண்ணை, நித்திரையாப் போனியளோ?" என்றார் சிவமலர் தலைக்கு மேலே.

"தங்கச்சி, நீங்கள் உண்மையிலேயே கழுவுறதை விட்டிட்டியளோ?"

"ஆர் விட்டது? வாங்கோ."

பின்னால் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டுபோனார். அங்கே, அடுப்புக்கு எதிர்ச் சுவரில், முன்பு முன்னறை மூலையில் இருந்த சுவாமித் தட்டு. முருகன், பிள்ளையார், அணையாத விளக்கு. கீழே சீமெந்துத் தரை, பின்கதவுப் பக்கம் சரிவாக. கதவோரம் வாளியும் தும்புத்தடியும்.

"முன்னறையைத் துடைக்கிறன். சாமியை இஞ்சை கொண்டுவந்திட்டன். இது சீமெந்துதானே, எத்தினை வாளி ஊத்தினாலும் பின்வளவுக்கு ஓடிடும். நேத்தியும் பிழைக்கேல்லை."

"எப்ப மாத்தினீங்கள்?"

"நீங்கள் வந்து சொன்ன அந்தக் கிழமையே, வெள்ளிக்கு முதல்."

ஏழு வருடம். ஐம்பத்திரண்டால் பெருக்கினேன். முந்நூற்று அறுபத்து நான்கு வெள்ளிகள் நான் வீணாகப் பயந்திருக்கிறேன். என் சொந்த வீட்டுச் சமையலறையைக் குனிந்து தட்டிப் பார்த்த எனக்கு, இந்த வழி தோன்றவே இல்லை. அதற்குப் பிறகு போன ஒவ்வொரு தடவையும் ஊசியையே பார்த்த நான், முன்னறை மூலை வெறுமையாகக் கிடந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே அண்ணை."

நடையில் ஊன்றுகோல் தட்டும் சத்தம் கேட்டது. நாலு கால் வைத்த கோல். அதைப் பிடித்துக்கொண்டு பரமேசு தன் காலில் வந்து, சமையலறை வாசலில் சாய்ந்து நின்றார். சொற்கள் இப்போது முன்னைவிட விரைவாக வந்தன.

"அண்ணை கேக்கமாட்டார். அவர் பஸ்ஸிலை இருந்து பாக்கிற ஆள்."

நான் திடுக்கிட்டேன்.

"என்ரை கட்டில் ஜன்னலடியிலைதானே. மேல்தட்டிலை தொப்பியோடை நீங்கள் போறதை ஒவ்வொரு முறையும் கண்டனான். கை காட்டுவன். இந்தக் கையாலை." இடக்கையைத் தூக்கிக் காட்டினார். "நீங்கள் ஒரு நாளும் நிமிந்து பாக்கேல்லை. சுவரின்ரை அடியையே பாத்துக்கொண்டு போவியள். இவளிட்டைச் சொன்னனான், உந்த மனுசன் எங்கடை வீட்டடியிலை ஏதோ துலைச்சுப்போட்டுது எண்டு."

சிவமலர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க, ஏழு வருடமாகத் தோளில் இருந்த ஏதோ ஒன்று இறங்கிக்கொண்டு போனது. அன்றைக்கு வடை கிடைத்தது. ஐந்து சாப்பிட்டேன்.

திரும்பிப் போகும்போது பஸ்ஸின் மேல்தட்டில் ஏறி, அந்த வீட்டுப் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் அவர்களுடைய வீட்டை நெருங்கியபோது சுவரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தேன். திரை விலகியிருந்தது. பரமேசு கோலை ஊன்றிக்கொண்டு, நின்றபடி, இடக்கையைத் தூக்கியிருந்தார். நானும் தூக்கினேன். நான்கைந்து விநாடிதான்.

எயார் பிரிக்கை அன்றைக்கு எண்ணவில்லை. அடுத்த கிழமை எண்ணினேன். இரண்டும் திறந்துதான் இருந்தன.